தவறு கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு: புதிய பியானோ பீஸைப் பழகும் முறை

புதிய பீஸ் எடுத்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் பாரில் (இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதிதான் பார்) ஆரம்பித்துத் தடுக்கும்வரை வாசிப்பது. தடுக்கிய சுரத்தைத் தேடிப் பிடித்து ஒருமுறை அழுத்துவது. அப்படியே மேலே போவது, இல்லையென்றால் மறுபடி தலையிலிருந்து. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் எட்டு பார் பளிச்சென்று இருக்கும், கடைசி எட்டு பார் தட்டுத்தடுமாறும், நடுவே தடுக்கிய இடம் அதே மாதிரி தடுக்கும். உழைப்பில் குறை இல்லை. கை எதைச் செய்கிறதோ அதைத்தான் பழகிக்கொள்கிறது. ஏழு நாளும் அங்கே நின்று, தவறாகத் தொட்டு, திருத்தி, மேலே போனால், அந்த நான்கும் சேர்ந்துதான் கைக்குப் பாடம்.

இதோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தவறு காதில் விழும் இடமும் அது பிறக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. தப்பாகக் கேட்ட சுரத்தை மட்டும் நூறு முறை அழுத்தினாலும் பயன் இல்லாமல் போவது இதனால்தான். ஒன்றிரண்டு சுரம் முன்னாலேயே விரல் தவறியிருக்கும், அல்லது நகர வேண்டிய கை நகராமல் இருந்திருக்கும்.

எல்லோரும் ஒருமுறையாவது வாசித்திருக்கும் ஜி மேஜர் மினுவெட்டையே எடுத்துக்கொள்வோம். அன்னா மக்டலேனா பாக்கின் 1725-ஆம் ஆண்டு இசை நோட்டுப் புத்தகத்தில் உள்ளது. வெகுகாலம் அவருடைய கணவர் ஜே. எஸ். பாக் எழுதியதாகக் கருதப்பட்டது. கிறிஸ்டியன் பெட்ஸோல்டு என்ற இசையமைப்பாளருடையது என்று பிறகு தெரிந்தது. மொத்தம் 32 பார், மூன்று எண்ணிக்கைத் தாளம். வலக்கையின் தொடக்கம்: டி, ஜி, ஏ, பி, ஸி, அடுத்த பாரில் டி, ஜி, ஜி. வழக்கமான விரல் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5): 5, 1, 2, 3, 4, பிறகு 5, 1, 1. மூன்றாவது பார் இ, ஸி, டி, இ, எஃப் ஷார்ப். இதற்கு விரல் 3, 1, 2, 3, 4.

இரண்டாவது பாரின் கடைசி ஜி-யில் கட்டைவிரல் இருக்கிறது. மூன்றாவது பாரில் அதே கட்டைவிரல் ஸி-க்கு மேல் நிற்க வேண்டும். கை முழுதாக நகர்ந்தாக வேண்டும். பழகாதவர் கையை நகர்த்தாமல், டி-க்குப் பக்கத்தில்தானே இ இருக்கிறது என்று சுண்டுவிரலாலேயே இ-யைத் தொட்டுவிடுவார். சுரம் சரி, காதுக்கும் குறை தெரியாது. பிறகு ஸி-க்கு 3, டி-க்கு 4, இ-க்கு 5 என்று போகும். எஃப் ஷார்ப் வரும்போது கையில் விரல் மிச்சம் இல்லை. தடுமாற்றம் எஃப் ஷார்ப்பில் கேட்கிறது. பிறந்தது நான்கு சுரம் முன்னால், கடைசி ஜி-க்கும் இ-க்கும் நடுவில். இங்கே பழக வேண்டியது அந்த இரண்டே சுரம்: கட்டைவிரலில் ஜி, மூன்றாம் விரலில் இ.

கட்டையைத் தொடும் முன்

ஒரு பென்சில், பத்து நிமிடம். இசைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள்.

பார்களுக்கு எண் போடுங்கள், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலாவது. கீ சிக்னேச்சரில் (வரியின் தொடக்கத்தில் போட்டிருக்கும் குறிகள்) எத்தனை ஷார்ப், எத்தனை ஃபிளாட், அவை எந்தச் சுரங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுவில் வரும் ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல் குறிகளைத் தேடுங்கள். மினுவெட்டின் 20-ஆவது பாரில் ஸி ஷார்ப் வருகிறது. அந்தப் பகுதி டி மேஜருக்குப் போய் 24-ஆவது பாரில் அங்கே இறங்குகிறது, அதன்பின் ஸி மறுபடி சாதாரண ஸி ஆகிவிடுகிறது. இது முன்கூட்டியே தெரிந்தவருக்கு ஸி ஷார்ப் ஆச்சரியம் தராது.

எந்த பார் எந்த பாரைப் போல இருக்கிறது என்று குறியுங்கள். ஒரே மாதிரி வரும் இடங்கள் உழைப்பை மிச்சப்படுத்தும். ஏறத்தாழ ஒரே மாதிரி வரும் இடங்கள் பிற்பாடு காலை வாரும். இரண்டையும் வேறு வேறு குறியால் அடையாளப்படுத்துங்கள்.

பிறகு பியானோ மூடியின் மேல் இரண்டு கையாலும் தாளத்தை மட்டும் தட்டுங்கள், வாயால் எண்ணிக்கொண்டே. குவேவர் (அரை எண்ணிக்கைச் சுரம்) இருந்தால் ‘ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட்’. சுரமும் தாளமும் விரலும் ஒரே நேரத்தில் புதிதாக வந்தால் மூளை மூன்றில் ஒன்றைக் கைவிடும், பெரும்பாலும் தாளத்தைத்தான். அதை முதலிலேயே தனியாக முடித்துவிடுவது நல்லது.

பதிவைக் கேட்கலாமா? ஓரிரு முறை, தாளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். கூடவே வாசிக்க முயல வேண்டாம். காதில் ஏறிய வேகம் கையை இழுக்கும், கை இன்னும் அங்கே வந்திருக்காது.

விரல் எண்ணை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

மாணவர்கள் அதிகம் அலட்சியம் செய்வதும், ஆசிரியர்கள் அதிகம் நச்சரிப்பதும் இதைத்தான். காரணம் இருக்கிறது. ஒரே இடத்தை ஐந்து முறை ஐந்து விதமான விரலால் வாசித்தால், அந்த இடத்தை ஐந்து முறை பழகியதாக ஆகாது. ஐந்து வெவ்வேறு அசைவுகளை ஒருமுறை மட்டும் செய்திருக்கிறீர்கள்.

தாளில் அச்சிட்டிருக்கும் விரல் எண்கள் ஆலோசனைதான். கை சிறியதாக இருந்தால் மாற்றலாம். அதே மினுவெட்டின் நான்காவது பாரில் மேல் ஜி-யிலிருந்து கீழ் ஜி-க்கு ஒரு முழு ஆக்டேவ் இறங்க வேண்டும். 5, 1 என்று விரித்து வாசிக்க முடியாத கை, மேல் ஜி-யை வாசித்ததும் விரலை எடுத்துவிட்டுத் தாவலாம். நீட்டி இழுத்து எட்டிப்பிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

விரல் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சோதனை அவசியம். மெதுவாக வாசிக்கும்போது எந்த விரலும் சரிப்படும். அதனால் அந்த ஒரு பாரை மட்டும் ஏறக்குறைய இறுதி வேகத்தில் இரண்டு மூன்று முறை முயன்று பாருங்கள், சுரம் பிசகினாலும் கவலையில்லை. கை முறுக்கிக்கொள்கிறதா, கட்டைவிரல் உள்ளே போக நேரம் போதவில்லையா என்பது உடனே தெரியும். ஸ்கேல் போல ஓடும் இடங்களில் கட்டைவிரல் கறுப்புக் கட்டையில் விழாமல் அமைப்பது பெரும்பாலும் சுலபம்.

எல்லாச் சுரத்துக்கும் எண் எழுத வேண்டாம். தாள் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும், கண் எதையும் பார்க்காது. கை நகரும் இடத்தில், கட்டைவிரல் கீழே நுழையும் இடத்தில், புது நிலையின் முதல் சுரத்தில் எழுதினால் போதும். நடுவில் மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதை அழித்துவிட்டு, அந்தத் துண்டைப் புதுப் பாடமாக நினைத்து வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். பழைய விரல் இரண்டு மூன்று நாள் எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

துண்டு எவ்வளவு பெரிது?

மூன்றாவது முயற்சிக்குள் நிற்காமல், தவறில்லாமல் வாசிக்க முடிகிற அளவு. முடியவில்லை என்றால் துண்டு பெரிது, அல்லது வேகம் அதிகம். தொடக்க நிலை மாணவருக்கு இரண்டு அல்லது நான்கு பார். கடினமான இடத்தில் ஒரு பார், சில நேரம் மேலே சொன்ன மாதிரி இரண்டு சுரம்.

துண்டை பார்க் கோட்டில் வெட்டி நிறுத்தாதீர்கள். அடுத்த பாரின் முதல் சுரத்தில் போய் நில்லுங்கள். ஒன்றிலிருந்து நாலு வரை பழகும்போது ஐந்தாவது பாரின் முதல் சுரம்வரை வாசியுங்கள். துண்டுகளைத் தனித்தனியாகச் சுத்தமாக வாசிப்பவர்கள் சேர்த்து வாசிக்கும்போது ஒவ்வொரு நாலு பாருக்கும் ஒருமுறை மூச்சு வாங்குகிற மாதிரி நிற்பார்கள். அந்தத் தையலை அவர்கள் பழகவே இல்லை.

வரிசையிலும் கவனம் வேண்டும். மிகக் கடினமான இரண்டு துண்டுகள் முதல் நாளே ஆரம்பமாகட்டும். அவற்றுக்குத்தான் அதிக நாள் தேவை. மற்றதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள்: 29 முதல் 32, பிறகு 25 முதல் 32, பிறகு 21 முதல் 32. இப்படிப் போனால் வாசிக்க வாசிக்கத் தெரிந்த பகுதிக்குள் நுழைவீர்கள். முன்னிருந்து கட்டினால் வாசிக்க வாசிக்கத் தெரியாத பகுதிக்குள் போவீர்கள், பதற்றமும் கூடவே ஏறும்.

ஒற்றைக் கையும் இரட்டைக் கையும்

தனிக்கைப் பயிற்சி தேவைதான், ஆனால் ஒரு வாரம் முழுக்க அதிலேயே இருக்க வேண்டாம். ஒரு துண்டு இரண்டு கையிலும் தனித்தனியாகச் சரளமாக வந்த அன்றே, மிக மெதுவாக, சேர்த்துப் பாருங்கள். இரண்டு கையும் சேர்ந்த அசைவு ஒரு தனி அசைவு. தனித்தனியாக எவ்வளவு பழகினாலும் அது தானாக வந்துவிடாது.

சேர்க்கும்போது எண்ணிக்கை எண்ணிக்கையாகப் போங்கள். முதல் எண்ணிக்கையில் இரண்டு கையிலும் என்ன விழுகிறதோ அதை வாசித்து நில்லுங்கள். அடுத்ததற்குரிய கட்டைகளின் மேல் விரல்களை வைத்து, அழுத்தாமல், சரிதானா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். தொடு, பார், அழுத்து. மினுவெட்டின் ஜி, இ தாவலுக்கும் இதே மருந்து: ஜி-யை விட்டதும் உடனே கையை நகர்த்தி மூன்றாம் விரலை இ-யின் மேல் சத்தமில்லாமல் வையுங்கள், பிறகு வாசியுங்கள். கை முன்கூட்டியே போய்ச் சேரும் பழக்கம் இப்படித்தான் வரும்.

இடக்கை கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்) பிரித்துப் பிரித்து வாசிக்கும் அமைப்பாக இருந்தால் (ஸி-ஜி-இ-ஜி போல), முதலில் அதை ஒரே கார்டாகச் சேர்த்து அழுத்தி, அதன் மேல் வலக்கை மெட்டை வாசியுங்கள். எங்கே கார்டு மாறுகிறது என்பது கைக்குத் தெரிந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு கை மூன்று, மறு கை இரண்டு என்று வரும் இடம் பலரையும் பயமுறுத்தும். ஆறு வரை எண்ணுங்கள். மூன்று சுரம் உள்ள கை 1, 3, 5-இல் விழும். இரண்டு சுரம் உள்ள கை 1, 4-இல் விழும். ஆக 1-இல் இரண்டும் சேர்ந்து, 3-இல் மூன்றுக்கை, 4-இல் இரண்டுக்கை, 5-இல் மறுபடி மூன்றுக்கை. தொடையில் தட்டிப் பழகி, காது அந்த ஒலியைப் பிடித்துக்கொண்ட பிறகு எண்ணுவதை விட்டுவிடலாம்.

வேகம்

தொடங்கும் வேகம் எது? அடுத்த சுரம் எது என்று கை நகரும் முன்பே தெரிகிற வேகம். துண்டிலுள்ள மிகக் கடினமான பாரை வைத்துத்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும், சுலபமான முதல் பாரை வைத்தல்ல. இறுதி வேகம் நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்றால் 60-இல் ஆரம்பிப்பது மிகை அல்ல.

பழைய சாவி மெட்ரோனோமில் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எண்கள் 60, 63, 66, 69, 72, பிறகு 76, 80, 84 என்று ஏறும். 120-க்கு மேல் 126, 132 என்று போகும். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 3 முதல் 6 சதவீதம். உடம்பு பெரிதாக உணராத அளவு ஏற்றம் அது; அதனால் செயலியில் எந்த எண்ணையும் வைக்க முடிந்தாலும் இந்தப் படிகளையே பின்பற்றலாம். 60-இலிருந்து 120-க்கு 16 படிகள். ஒரே நாளில் ஏற வேண்டியவை அல்ல.

ஒரு படியில் தொடர்ந்து மூன்று முறை தவறில்லாமல் வந்தால் அடுத்த படி. மூன்றாவதில் தவறினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். இரண்டு முறை அப்படி ஆனால் இரண்டு படி இறங்குங்கள். ‘பரவாயில்லை, இந்த முறை கணக்கில் வேண்டாம்’ என்று விட்டுக்கொடுக்காதீர்கள். கை எல்லாவற்றையும் கணக்கில் வைக்கிறது.

ஆனால் மெதுவாக மட்டுமே வாசித்து வேகத்தை எட்டிவிட முடியாது. மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொரு விரலையும் தூக்கி இறக்க நேரம் இருக்கிறது; வேகத்தில் நான்கைந்து சுரம் ஒரே அசைவில் உருள வேண்டும். அதனால் படி ஏற்றத்தோடு இரண்டு பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, தாளத்தை மாற்றுவது: சீராக ஓடும் குவேவர்களை நெடில்-குறில், நெடில்-குறில் என்று வாசித்து, பிறகு குறில்-நெடில் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு அசைவு மட்டும் வேகமாக நடக்கும், நெடிலில் கை ஓய்வெடுத்து அடுத்ததற்குத் தயாராகும். இரண்டு, சுரம் கூட்டுவது: முதல் இரண்டு சுரத்தை இறுதி வேகத்தில் வாசித்து நில்லுங்கள், பிறகு மூன்று, பிறகு நான்கு. நிற்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டும் தோளும் தளர்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். உழைப்பின் களைப்பு வேறு, முன்கையில் எரிச்சலோ குத்தலோ வேறு. பொறுத்துக்கொண்டு வாசிப்பது பயிற்சி அல்ல.

எந்த மாதிரித் தவறு என்று பாருங்கள்

தடுக்கும்போதெல்லாம் ‘இன்னும் பத்து முறை’ என்று ஓடுவதற்கு முன், ஒரு நிமிடம் நின்று தவறின் குணத்தைப் பாருங்கள்.

- மெதுவாக வாசித்தாலும் அதே தவறு: கைக்குப் பயிற்சி போதாது என்பதல்ல, சுரமே சரியாகத் தெரியவில்லை. தாளை மறுபடி படியுங்கள். லெட்ஜர் கோட்டிலோ (ஐந்து கோட்டுக்கு வெளியே போடும் குட்டிக் கோடு), அதே பாரில் முன்னால் வந்த ஷார்ப்பை மறந்த இடத்திலோ சிக்கல் இருக்கும்.
- மெதுவாக வந்தால் சரி, வேகத்தில் தவறு: கை தாமதமாக நகர்கிறது. தவறிய சுரத்துக்கு இரண்டு சுரம் முன்னால் போய்ப் பாருங்கள்.
- ஒவ்வொரு முறையும் வேறு வேறு சுரம் தவறுகிறது: விரல் எண் நிலைக்கவில்லை. வாசிப்பதை நிறுத்தி எழுதுங்கள்.
- ஒற்றைக் கையில் சரி, சேர்த்தால் தவறு: அநேகமாக இடக்கை அரைகுறை. வலக்கை மெட்டை வாயால் பாடிக்கொண்டே இடக்கையை மட்டும் வாசித்துப் பாருங்கள், உண்மை வெளிவந்துவிடும்.
- முதலிலிருந்து வந்தால் சரி, அந்த பாரிலேயே ஆரம்பித்தால் வரவில்லை: ஓட்டத்தின் பலத்தில் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள். மேடையில் முதலில் உடைவது இதுதான்.

நாற்பத்தைந்து நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

மூன்று துண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் தொடர்ந்து உட்காருவதைவிட, ஐந்தாறு நிமிடம் வீதம் மூன்றையும் சுற்றி, மறுபடி ஒரு சுற்று வருவது மேல். இரண்டாவது சுற்றில் முதல் துண்டு கொஞ்சம் மறந்திருக்கும். அதை நினைவுக்குக் கொண்டுவரும் அந்த முயற்சிதான் அதை நிலைக்கச் செய்கிறது. மிச்ச நேரத்தில் ஏற்கெனவே வந்த பகுதிகளைச் சேர்த்து வாசியுங்கள்.

மறுநாள் உட்காரும்போது நேற்று எட்டிய வேகம் வராது. இது எல்லோருக்கும் நடப்பது. இரண்டு மூன்று படி கீழே ஆரம்பித்தால், நேற்றைய இடத்துக்கு நேற்றைவிடச் சீக்கிரம் வந்துசேர்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட ஆறு நாள் அரைமணி நேரம் நல்லது. இடையில் வரும் தூக்கமும் சேர்ந்துதான் கைக்குக் கற்றுக்கொடுக்கிறது.

மெலிது, உரப்பு, ஸ்டக்காட்டோ, ஸ்லர் இவற்றைப் பிறகு பூசிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். விட்டு வாசிப்பதும் சேர்த்து வாசிப்பதும் வெவ்வேறு அசைவுகள், விரல் எண்ணையே மாற்றக்கூடியவை. பெடலை மட்டும் கடைசியில் சேருங்கள். பெடல் போட்டால் விரல் விடும் இடைவெளிகள் காதுக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும். சேர்க்கும்போது, புது கார்டு ஒலிக்கும் கணத்தில் காலைத் தூக்கி, ஒலித்த உடனே மறுபடி அழுத்துங்கள். கார்டோடு சேர்த்து அழுத்தினால் பழைய சுரமும் புதியதும் கலந்து குழம்பும்.

மனப்பாடமும் இரட்டைப் பாதைகளும்

மினுவெட்டின் முதல் ஆறு பாரும், 9 முதல் 14 வரையும் வலக்கைக்கு ஒன்றேதான். இரண்டு இடத்திலும் பி, ஸி, பி, ஏ, ஜி என்று முடியும். அதன்பின் 7-ஆவது பார் எஃப் ஷார்ப்பில் தொடங்கி மேலே ஏறும். 15-ஆவது பார் ஏ-யில் தொடங்கி இறங்கி வந்து 16-இல் ஜி-யில் முடியும். நினைவிலிருந்து வாசிப்பவர் இங்கே தவறான கிளையில் ஏறிவிட்டால் முதல் பகுதியை முடிக்கவே முடியாமல் சுற்றிக்கொண்டிருப்பார். 6-இலிருந்து 7, உடனே 14-இலிருந்து 15 என்று இரண்டு சந்திப்புகளையும் அடுத்தடுத்து வாசித்து, ‘முதல் தடவை எஃப் ஷார்ப், இரண்டாம் தடவை ஏ’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இடக்கையும் அங்கே வேறு என்பதால் அதைத் தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரல் பழக்கத்தை மட்டும் நம்பிய மனப்பாடம் பாதி வேகத்தில் வாசித்தால் கலைந்துவிடும். அதனால் மெதுவாக, தாள் இல்லாமல் வாசிப்பதே நல்ல சோதனை. இடக்கையை மட்டும் நினைவிலிருந்து வாசிப்பது அதைவிடக் கடினமான சோதனை. எட்டு பாருக்கு ஒன்றாக 1, 9, 17, 25 என்று ஆரம்ப இடங்களைக் குறித்துவைத்து, யாராவது ஒரு எண்ணைச் சொன்னதும் அங்கிருந்து தொடங்கிப் பழகுங்கள். மேடையில் ஒரு இடம் மறந்துபோனால் தலைக்கு ஓட வேண்டாம், அடுத்த படிக்கட்டுக்குத் தாவிவிடலாம்.

பீஸ் முழுதும் கூடிவந்த பிறகு, தினமும் உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே, விரலைச் சூடாக்காமல், ஒரே ஒருமுறை தொடக்கம் முதல் இறுதிவரை நிற்காமல் வாசித்துப் போனில் பதிவு செய்யுங்கள். தவறினாலும் திருத்தாதீர்கள், தாளம் விடாமல் போய்க்கொண்டிருங்கள். பிறகு தாளை வைத்துக்கொண்டு பதிவைக் கேட்டு, தடுக்கிய பார் எண்களை ஒரு சீட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பார் முன்னால் போய், அன்றைய வேலையை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.